அத்தை கட்டிய ஏழு

நீதிமன்றத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். சாட்சி தமிழில் சொல்வதை நீதிபதிக்கு ஊர் மொழியில், அதாவது நாங்கள் குடியேறிய இந்த அயல்நாட்டின் மொழியில், சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. ஒரு முறை ஒரு சாட்சி கோபத்தில் நீதிபதியைக் கழுதை என்று சொல்லிவிட்டான். நான் நீதிபதியின் கண்ணைப் பார்த்து, முகத்தில் சிரிப்பு வராமல், கழுதை என்றேன். அவரும் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். என் வார்த்தையை யாரும் சந்தேகித்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் சங்கம் நடத்தும் கலை மாலைகளில் மேடையின் இடது ஓரத்தில் எனக்கென்று ஒரு மைக் நிற்கும்.

அன்றைய மாலை எங்கள் அப்பாவின் நூற்றாண்டுக்கானது. நம் பக்கத்துப் பல மொழிக்காரர்களும் சேர்ந்து ஆடல், பாடல், கதை என்று ஆண்டுக்கு ஒரு முறை விழா எடுப்போம். இந்த முறை இரண்டாம் பாதி முழுவதையும் அப்பாவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அவர் பெயரில் ஏழு உருப்படிகள் உண்டு. உருப்படி என்றால் மேடையில் ஆடுவதற்கென்றே கட்டிய பாட்டு. ஐம்பது வருடமாக இந்த ஊரில் சலங்கை கட்டிய ஒவ்வொரு பெண்ணும் அவற்றில் ஒன்றையாவது ஆடித்தான் மேடை ஏறியிருக்கிறாள். விழா முடிவில் சங்கத்தின் புதிய ஒத்திகை அறைக்கு அப்பாவின் பெயரைச் சூட்டுவதாக ஏற்பாடு. சங்கத் தலைவர் என் மாப்பிள்ளை. ஒரு வருடமாக அந்த அறைக்காக அலைந்தவர்.

அந்த ஏழு பாட்டையும் கட்டியது அப்பா இல்லை என்பது எனக்குத் தெரியும். கட்டியவர் அத்தை, அப்பாவின் தங்கை.

அத்தை கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அடுக்களையில் நின்றபடி, கரண்டிக் காம்பால் மேடைக்கல்லில் தாளம் தட்டிக்கொண்டே பாடுவார். எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அச்சுக் கோத்ததுபோல எழுதுவேன் என்று பெயர். அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவர் பாடப் பாட எழுதினேன். ஏழும் முடிந்த அன்று அப்பா கூடத்தில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டினார்.

"மேல என் பேரப் போடு," என்றார்.

நான் அடுக்களைப் பக்கம் பார்த்தேன்.

"அங்க என்ன பார்வை? வாழாம வந்தவ கட்டினதுன்னு சொன்னா எவன்டா மேடை குடுப்பான்? என் பேர்ல போனா பாட்டாவது பொழைக்கும்."

போட்டேன். ஏழு தாளிலும், மேலே நடுவில், அழகாக. அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கிப் பார்த்தார். "முத்து முத்தா எழுதியிருக்கேடா," என்றார். மேலே இருப்பது தன் பெயர் என்று நினைத்துக்கொண்டார் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. முதல் முறை அரங்கேறியபோது, பாட்டைக் கட்டியவர் என்று அறிவிப்பாளர் அப்பாவின் பெயரைச் சொன்னார். அத்தை என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். எழுந்து போகவில்லை. கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு எட்டாவது வரவில்லை. கேட்டவர்களுக்கு அப்பா, "சுரம் ஏழுதானே, பாட்டும் ஏழு போதும்," என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொள்வேன்.

இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். குடும்பம் என்றால் நாலு சுவர், சுவருக்குள் இருப்பது சுவருக்குள்ளேயே இருக்கட்டும் என்று நான் இருந்தேன். பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை.

என் தங்கை வேறு ரகம். அறுபத்தொரு வயதாகியும் எங்கள் வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். இருபத்தாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டினாள். கடைசி இருக்கைக்காரன் கம்பியில் காலை வைத்தால் முன்னாலிருந்தே குரல் கொடுத்து இறக்க வைப்பாள். ஓய்வுக்குப் பிறகு அந்தக் குரலை வைத்துக்கொண்டு மேடையில் கதை சொல்கிறாள். நல்ல பெயர் எடுத்திருக்கிறாள், மறுக்க மாட்டேன். அன்று அப்பாவின் கதையை அவள் சொல்ல, நடுநடுவே பாட்டும் ஆட்டமும் வர, நான் ஒவ்வொரு வாக்கியமாக ஊர் மொழியில் சொல்ல வேண்டும். ஒரு வாரம் முன்பே மூன்று தாள்களில் கதையை எழுதிக் கொடுத்திருந்தாள். வரிக்கு வரி தயார் செய்து வைத்திருந்தேன்.

அரங்கம் என்பது ஒரு விளையாட்டுக் கூடம். தரையில் சிவப்பும் நீலமுமாக ஆட்டக் கோடுகள், அவற்றின்மேல் நானூறு பிளாஸ்டிக் நாற்காலிகள். நாலு மணிக்கு ஒத்திகை. ஆடுகிற பெண் பகலில் பல் டாக்டர். கிளினிக்கிலிருந்து நேராக வந்து சலங்கை கட்டிக்கொண்டிருந்தாள். மிருதங்கக்காரர் வலப்பக்கத் தோலைத் தட்டிச் சுருதி பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அக்கா, அத்தை வர்ற எடத்துல நான் வாசிக்கணுமா, நிறுத்தணுமா?"

"எந்த அத்தை?" என்றேன்.

மிருதங்கக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வாலு என் பக்கம் திரும்பாமலே, "நிறுத்திடுங்க," என்று அவருக்குப் பதில் சொன்னாள்.

என் மூன்று தாளில் அத்தை எங்குமே இல்லை.

உடை மாற்றும் அறைக்கு அவளை அழைத்துப் போனேன். இரும்பு அலமாரிகள், பழைய காலணி வாடை, ஒழுகும் குழாய். கதவைச் சாத்தினேன்.

"என்ன சொல்லப் போறே?"

"நடந்தத."

"அப்பாவோட நூறாவது வருஷத்துலயா?"

"பின்ன, நூத்தியொண்ணுல சொல்லவா? அதுக்கு எவன் மேடை போடுவான்?"

"மாப்பிள்ளை தலைவரா உக்காந்திருக்காரு. அவரு மூஞ்சில கரியப் பூசணுமா உனக்கு?"

"பூசினா சோப்புப் போட்டுக் கழுவிக்கிட்டுப் போறாரு. அத்தை காலம் முழுக்கக் கரிச்சட்டியோட நின்னா. அவ மூஞ்சிய யாருண்ணா கழுவிவிட்டீங்க?"

"நாக்க அடக்கிப் பேசு."

"அடக்கித்தானே வச்சிருந்தேன், ஒம்போது வயசுலேருந்து! எந்தப் பாட்டு எந்தக் கொழம்பு கொதிக்கும்போது வந்துச்சுன்னு கேளுங்க, சொல்றேன். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சீங்க, சரி. அதுக்கு நூறாவது பிறந்தநாளும் கொண்டாடணுமா?"

"பாட்டு பொழைச்சுதுல்ல? அப்பா பேர்ல போகலன்னா ஏழும் அடுப்போட போயிருக்கும்."

"பாட்டு பொழைச்சுது. எட்டாவது செத்துது."

ஒழுகும் குழாயை இறுக்கித் திருகினேன். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "வேணாம்னா விட்டுடுங்கண்ணா. மொழிபெயர்க்கப் பல் டாக்டரோட புருஷன் வந்திருக்கான், அவனக் கேட்டுக்கறேன்."

"அவனா? அவன் பேசினா எழுவாய் ஒரு தெருவுல நிக்கும், பயனிலை அடுத்த தெருவுல நிக்கும்."

"அப்ப நீங்களே நில்லுங்க."

நிற்பது என்று முடிவு செய்தேன். காரணத்தை மறைக்கப் போவதில்லை. அரங்கில் கால்வாசிப் பேருக்குத்தான் தமிழ் தெரியும். மற்ற முக்கால்வாசிக்கு நான் சொல்வதுதான் கதை. மைக் என் கையில் இருக்கும்வரை அப்பா பெயர் என் கையில். தமிழ்க்காரர்களை நாளைக்கு வீடு வீடாகப் போய்ச் சரிக்கட்டிக்கொள்ளலாம். முப்பத்து நான்கு ஆண்டுகளில் செய்யாத காரியத்தை அன்று செய்யத் துணிந்தேன். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

மாப்பிள்ளை பட்டுச் சால்வையோடு எதிரே வந்தார். "மாமா, மாநகராட்சிலேருந்து அந்தம்மா வந்துட்டாங்க. மூணாவது வரிசை, கண்ணாடி போட்டவங்க. அவங்க கையெழுத்துலதான் அறை கெடைச்சுது. தாத்தாவப் பத்திக் கொஞ்சம் எடுப்பாச் சொல்லுங்க."

"பாத்துக்கறேன் மாப்பிள்ளை," என்றேன்.

முதல் பாதியில் வேறு மொழிக்காரர்களின் கோலாட்டம், தபலா, ஒரு நெடும் பாட்டு. கைதட்டல் கூரையில் மோதித் திரும்பியது. இடைவேளை முடிந்து எங்கள் முறை வந்தது. வாலு நடுவில் நின்றாள். பின்னால் மிருதங்கக்காரரும் பாடகியும். வலப்பக்கம் பல் டாக்டர், முழங்கால்களை இரு பக்கமும் மடக்கிப் பாதி உட்கார்ந்த அரைமண்டியில், கைகளை நீட்டியபடி. கதையில் முக்கியமான வரி வந்ததும் மிருதங்கம் விழும், அவள் எழுந்து ஆடுவாள். நான் ஊர் மொழியில் சொல்லி முடித்த பிறகே மிருதங்கம். அதுவரை அவள் அசையக் கூடாது. ஒத்திகையில் அப்படித்தான் பழகியிருந்தோம்.

முதல் தாள் எழுதிக் கொடுத்தபடியே போனது. அப்பா இந்த ஊருக்கு வந்தது, கிடங்கு ஒன்றில் நாலு பிள்ளைகளை வைத்துச் சங்கம் தொடங்கியது. இடையிடையே முதல் மூன்று உருப்படிகளும் அப்பாவின் பெயரிலேயே ஆடி முடிந்தன. வாலு அப்பாவைப்போலவே தொண்டையைச் செருமிக் காட்டினாள். தமிழ்க்காரர்கள் சிரித்தார்கள். நான் மொழிபெயர்த்ததும் மற்றவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை பின்னால் திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு வாலு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"எங்க வீட்டு அடுப்படியில ஒருத்தி இருந்தா. எங்க அத்தை. இந்த ஏழு பாட்டையும் கட்டினது அவ."

தமிழ்க்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் நாற்காலிகள் கிறீச்சிட்டன. நான் மைக்கை நெருங்கினேன். "இந்த ஏழு பாட்டுகளும் எங்கள் வீட்டின் அடுப்படி வெதுவெதுப்பில் பிறந்தவை," என்று ஊர் மொழியில் சொன்னேன். நல்ல வாக்கியம். கண்ணாடி அம்மாள் புன்னகை செய்தார்.

வாலுவுக்கு என்னைவிட நன்றாக ஊர் மொழி தெரியும். அவள் என்னைத் திருத்தவில்லை. மிருதங்கக்காரரை நோக்கி ஒரு விரலை மட்டும் தூக்கினாள், பொறு என்று. மீண்டும் அரங்கைப் பார்த்து, அதே குரலில், அதே வேகத்தில் சொன்னாள்:

"இந்த ஏழு பாட்டையும் கட்டினது எங்க அத்தை."

நீதிமன்றத்தில் இதை நான் பார்த்திருக்கிறேன். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் நீதிபதி யாரையும் திட்ட மாட்டார். சாட்சி மறுபடி சொல்லட்டும் என்பார், அவ்வளவுதான். எனக்கு அது நேர்ந்ததில்லை. என் சக மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு நேர்ந்தது. அடுத்த வாரம் அவர் வேலைக்கு வரவில்லை.

"இந்தப் பாட்டுகளுக்கு எங்கள் அத்தையும் துணையாக இருந்தார்," என்றேன்.

பல் டாக்டர் அரைமண்டியில்தான் இருந்தாள். தொடைகள் நடுங்கத் தொடங்கியிருந்தன. அவள் காலை அசைக்கவில்லை, ஆனாலும் சலங்கை கிணுகிணுத்தது. அந்தச் சத்தம் மைக் வழியாக அரங்கம் முழுக்கக் கேட்டது. நெற்றியிலிருந்து ஒரு வேர்வைத் துளி புருவத்தில் இறங்கி நின்றது. கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. சொல்லித் தொலையுங்களேன் என்கிற பார்வை. மிருதங்கக்காரர் கையைத் தோலின்மேல் வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் முகத்தில் இன்னும் பாதிச் சிரிப்பு இருந்தது. எதற்காக அதை வைத்திருக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

வாலு மூன்றாவது முறையாகச் சொன்னாள். கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. நிறுத்தத்தின் பெயரைக் கூவுவதுபோலச் சொன்னாள்.

"இந்த ஏழு பாட்டையும் கட்டினது எங்க அத்தை."

நானூறு பேர் என் வாயைப் பார்த்தார்கள். தமிழ் தெரியாதவர்களுக்குக்கூட ஒரே வாக்கியம் மூன்று முறை வந்திருப்பது புரிந்திருந்தது, என் பதில் மூன்று விதமாக வரப் போவதும் புரிந்திருந்தது. அப்பாவின் பெயருக்குக் காவல் நிற்பதாக நினைத்திருந்தேன். அங்கே நின்றபோது, பொய்ச்சாட்சியின் மொழிபெயர்ப்பாளனாகக்கூட இல்லை, பொய்ச்சாட்சியாகவே நின்றேன். எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தக் கூண்டில் ஏறியதில்லை.

"இந்த ஏழு பாட்டுகளையும் கட்டியவர் எங்கள் அத்தை," என்று ஊர் மொழியில் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மிருதங்கம் விழுந்தது. பல் டாக்டர் எழுந்த வேகத்தில் மேடைப் பலகை அதிர்ந்தது. தாளம் ஒரு சுற்று வரும்வரை ஆடி நின்றாள். இந்த முறை நிமிர்ந்து நின்றாள்.

வாலு தொடர்ந்தாள். "அவளுக்கு எழுதத் தெரியாது. அவ பாடினா."

சொன்னேன்.

"யாரோ எழுதினாங்க. எழுதின தாள்ல எங்க அப்பா பேரு வந்துச்சு."

வாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன். யாரோ. அவளுக்கு யார் என்று தெரியும். முக்காலியில் நான் உட்கார்ந்து எழுதியபோது அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். அப்பாவை நூறாவது வருடத்தில் மேடையில் நிறுத்தத் துணிந்தவள் என்னை மட்டும் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளித்துவைத்தாள். அண்ணன் பாவம் என்று நினைத்திருக்கலாம். எழுபத்தொரு வயதில் தங்கை போடும் பிச்சை. அதை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்க என் முதுகு ஒத்துக்கொள்ளவில்லை.

அவள் சொன்னதை அப்படியே ஊர் மொழியில் சொன்னேன். பிறகு, வேலையில் சேர்ந்த நாள் முதல் செய்யாததைச் செய்தேன், என் பேச்சை நானே பேசினேன்.

"எழுதியது யாரோ இல்லை. நான். மேலே என் அப்பாவின் பெயரைப் போட்டதும் நான். அத்தைக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்."

ஊர் மொழியில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை.

வாலு என்னைப் பார்த்தாள். அன்று முதல் தடவையாக அவள் குரல் தடுமாறியது. மைக் அணைக்காமலே சொன்னாள்:

"அண்ணா, அது கதையில இல்ல."

"இல்லன்னா சேத்துக்கோ."

எங்கோ பின்வரிசையில் ஒருவர் சிரித்தார், உடனே அடக்கிக்கொண்டார். மாப்பிள்ளை எழுந்து ஓரமாக நடந்து மேடைப் படிக்கு வந்தார். காதோரம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"மாமா, என்ன காரியம் பண்ணிட்டீங்க? பொண்ணு குடுத்தப்ப எங்க வீட்டுல என்ன சொன்னீங்க? ஏழும் கட்டின மகான் குடும்பம்னு சொன்னீங்கல்ல?"

"சொன்னேன். அதுவும் பொய்."

"மாநகராட்சி அம்மா கேக்கறாங்க, அறைக்கு யாரு பேருன்னு. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"முதல்ல பாட்டு முடியட்டும் மாப்பிள்ளை. எறங்கிப் போங்க, ஆடற புள்ள நிக்குது."

இறங்கிப் போனார். நாற்காலிக்குப் போகவில்லை. கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்குப் பெயர் சூட்டல் நடக்கவில்லை. அவர் இன்றுவரை எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் மகள் மட்டும் பேசுகிறாள், அதுவும் தேவைக்கு. அது அவர்கள் உரிமை.

மேடையில் வாலு தன் இடத்துக்குத் திரும்பியிருந்தாள். நான்காவது உருப்படி வர வேண்டிய இடம். ஒவ்வொரு உருப்படிக்கும் முன் கட்டியவர் பெயரைச் சொல்வதும் என் வேலை. அட்டையில் அப்பாவின் பெயர் அச்சாகியிருந்தது. நான் அத்தையின் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயர் மைக்கில் ஒலித்துக் கேட்டது எனக்கே புதிதாக இருந்தது. முழுப் பெயராக, தகப்பன் பெயரோடு சொன்னேன்.

பாடகி எடுத்தாள்:

"உலையும் கொதிக்குது, அரிசியும் கையிலே,
யாருக்கு அளக்கட்டும் சொல்லு..."

இந்தப் பாட்டுக்கு எப்போதும் ஒரே விளக்கம்தான் உண்டு. ஆன்மா இறைவனை அழைக்கிறது என்று அப்பா சொல்லிவைத்தது. ஐம்பது வருடமாக நான் அதைத்தான் ஊர் மொழியில் சொல்லிவந்தேன். பல் டாக்டர் கையைக் குவித்து அரிசியை ஏந்தினாள். யாரும் இல்லாத பக்கம் பார்த்தாள். எனக்கு அந்த முக்காலியும் அடுப்பும் நினைவுக்கு வந்தன. கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்த ஒருத்தி, பாட்டை நிறுத்திவிட்டு, "எழுதிட்டியா?" என்று கேட்டதும் நினைவுக்கு வந்தது.

மைக்கை நெருங்கினேன்.

"தண்ணீர் கொதிக்கிறது," என்று ஊர் மொழியில் சொன்னேன். "அரிசி என் கையில் இருக்கிறது. யாருக்காகப் போடுவது?"

மூன்றாவது வரிசையில் அந்தம்மாள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பாடகி அதே வரியை மறுபடி எடுத்தாள். நானும் மறுபடி சொன்னேன்.